கட்டத்துக்குள் அடங்காத வரி

அப்பாவின் நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே குனிந்து கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார் மாமா. அப்பாவோடு ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். சாவுச் செய்தி சொல்ல வேண்டியவர்களின் நம்பரெல்லாம் அந்தக் கறுப்புத் திரைக்குள்தான் இருந்தன. பால்காரர் நம்பரிலிருந்து தினக்குறிப்பு வரை அப்பாவுக்கு எல்லாமே அட்டவணைதான். முறையாகக் கட்டளையைத் தட்டினால்தான் பதில் வரும்.

விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மகள் அங்கே போகாமல் இந்த அறையிலேயே சுற்றிச் சுற்றி வந்தாள். வாராவாரம் வருகிறவள், போன ஞாயிறு மட்டும் வரவில்லை. "என் வீட்டுக்கு வந்துடுங்க, இந்த மாடிப்படி உங்களைக் கொன்னுடும்" என்று அதற்கு முந்தின வாரம் அவள் கத்த, "என் வீட்டுல என்னை நிம்மதியா சாக விடு" என்று அவரும் கத்தியிருந்தார். அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே வாய்.

"மாமா, ஞாயித்துக்கிழமை என்ன எழுதியிருக்கார்னு பாருங்க."

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"பாருங்களேன்."

தட்டினார். தேதிவாரியாக வரிகள் வந்து விழுந்தன. ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக இருந்தது இவ்வளவுதான்:

மகள் வரவில்லை. கோப

"கோபத்தோடயே போயிட்டார் மாமா. ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா நான், பாவி!" சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "அட, புத்தி கெட்டவன் நான்! எழுந்திரும்மா. இது முழுசு இல்ல. எல்லா வரியும் ஒரே இடத்துல நிக்குது பாரு. உங்கப்பன் கட்டத்தோட அகலத்தைக் குறுக்கி வெச்சிருக்கான். மிச்சம் உள்ளதான் இருக்கு, திரைக்கு வரல."

"ஏன் அப்படி?"

"வரி மடிஞ்சு கீழ விழுந்தா அவனுக்குச் சோறு இறங்காது. ஆபீஸ்ல இதுக்காக என்னோட ஒரு வாரம் பேசாம இருந்தவன், வீம்பு புடிச்சவன்." சிரிக்கப்போனவருக்குக் குரல் உடைந்தது. அகலத்தை முந்நூறு எழுத்தாக்கிவிட்டு மறுபடி தட்டினார்.

வரிகள் மடிந்து, வழிந்து, தாறுமாறாகத் திரையை நிறைத்தன. அவள் எழுந்து வந்து, விரலால் தேதியைத் தேடிப் படித்தாள்.

மகள் வரவில்லை. கோபமாக இருப்பாள், பாவம். அவள் சொன்னதில் தப்பில்லை. மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. நான்தான் இறங்கிப் போனால் என்ன, குறைந்தா போய்விடுவேன்? புதன்கிழமை கூப்பிட்டு, வந்து அழைத்துப் போ என்று சொல்ல வேண்டும்.

அன்று புதன்கிழமை. அவள் வாய்விட்டு அழுதாள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தம்பி எட்டிப் பார்த்தான். "அக்கா, அப்பாவுக்குப் போட நல்ல சட்டை ஒண்ணு வேணும். பீரோவுல ஒண்ணுகூட இல்ல, எங்க வெச்சிருக்கார்னே தெரியல."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். ஜிப் மூடிய பை ஒன்று இருந்தது. உள்ளே மாத்திரை டப்பா, ஒரு துண்டு, இஸ்திரி போட்டு அடுக்கிய நாலு சட்டை.

மேலே இருந்ததை மடிப்புக் கலையாமல் எடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.