மரியசூசை ஜெயிக்க வேண்டிய ஆட்டம்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தாதரில் ரயிலேறிய ஒரு பெரியவர், "நான் டென்னிஸ் ஆடிச் சம்பாதிச்சவன் சார். தோக்கிறதுதான் வேலை," என்று சொல்லிவிட்டுக் குர்லாவில் இறங்கிப் போய்விட்டார். மிச்சமெல்லாம் என் சரக்கு. மரியசூசை என்ற பெயர்கூட நான் வைத்ததுதான்.

2

முதல் வரி: 'அறுபத்து நான்காம் வருஷத்து டிசம்பர் வெயிலில் மாட்டுங்கா மைதானம் தகதகவென்று...'

(வேண்டாம். வெயில் யாருக்கு வேண்டும்?)

தாராவிக்காரரான மரியசூசை, மாட்டுங்காவில் ஒரு கிளப்பில் மார்க்கர். அதாவது, மெம்பர்களோடு சம்பளத்துக்கு டென்னிஸ் ஆடுகிறவர். சம்பளம் வாங்கியதால் பெரிய போட்டிகளில் அவரைச் சேர்க்கமாட்டார்கள். மெம்பருக்கு எட்டுகிற இடமாகப் பார்த்துப் பந்தைப் போட வேண்டும். கடைசியில் முகம் கோணாமல் தோற்க வேண்டும். மனுஷர் அதில் கெட்டிக்காரர். வேலையும் பிடித்துத்தான் இருந்தது. வீட்டில்தான் வம்பு. மனைவி சேசம்மாள் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டுவிட்டாள்: "இத்தன வருசமா ஆடுதீய. நீங்க ஒரு தடவ ஜெயிச்சு நான் பாக்கண்டாமா?"

அது அவரைக் குடைந்துகொண்டே இருந்தது.

3

அந்த வருஷம் மார்க்கர்களுக்கென்றே ஒரு போட்டி வைத்தார்கள். இறுதி ஆட்டத்தில் எதிரே செம்பூர் கிளப் மார்க்கர் பூதத்தான். சேசம்மாள் பட்டுடுத்தி வந்து உட்கார்ந்தாள்.

ஆட்டம் முடிகிற வழியாக இல்லை. மரியசூசை பூதத்தானின் கைக்கு வாகாகவே போடுகிறார். பூதத்தானும் அப்படியே. பழக்க தோஷம்! பொழுது சாய்ந்ததும் அம்பயர் அலுத்துப்போய், "சலோ, அடுத்த பாயிண்ட் யாருக்கோ அவருக்கே கோப்பை," என்றார். அப்போதும் அதே கதைதான். கூட்டம் சிரித்தது. மரியசூசைக்கும் சிரிப்பு வந்தது. ஆயுசில் யாரும் அவருக்கு இவ்வளவு வாகாகப் பந்து போட்டதில்லை. அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

4

முடிவு ஒன்று: ஓங்கி அடித்து ஜெயிக்கிறார். (எழுதிக் கிழித்துவிட்டேன். அந்தக் கை ஓங்காது.)

முடிவு இரண்டு: தோற்கிறார். (சேசம்மாள் என்னைச் சும்மா விடமாட்டாள்.)

மூன்றாவது உங்கள் பாடு. பூதத்தானின் இடப்பக்கம் இப்போது காலியாகக் கிடக்கிறது. மரியசூசையும் அதைப் பார்த்துவிட்டார். நான் இதுவரை சொல்லாமல் விட்ட சங்கதி ஒன்று: சேசம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் பூதத்தானின் மனைவி பார்வதியம்மாள். அவளும் தன் வீட்டில் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தவள்தான். இரண்டு பேரும் ஒரே கடலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துத் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

பந்து எழும்பி வருகிறது. எங்கே போடச் சொல்கிறீர்கள்?