கடலில் போட்ட தீவு

மெமரி போதவில்லை என்று கம்ப்யூட்டர் நான்காவது முறையாகச் சொன்னபோது மணி பதினொன்று. பின்னால் வந்து நின்ற ஜேக்கப், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க பிரேமலதா, சரியாயிடும்" என்றார். மன்னார்புரத்தில் வரைபட ஆபீஸ் நடத்திப் பன்னிரண்டு வருஷத்தில் மனிதர் கற்றுக்கொண்ட ஒரே வைத்தியம் அதுதான். தன் முதுகுக்குச் சுழல்நாற்காலி வாங்கத் தெரிந்தவருக்கு, இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு மெமரி வாங்கத் தெரியவில்லை. முக்கொம்பிலிருந்து கல்லணை வரை அரை மீட்டருக்கு ஒரு கட்டமாக நில உயரம் அளந்த அறுபது ஜி.பி. படம். அதை இதற்குள் திறப்பது அண்டாச் சோற்றை ஆழாக்கில் கொட்டுகிற கதை.

மூன்று மணிக்கு அதிகாரிகள் வருகிறார்கள். இந்தப் படத்தில் சிவப்பாகத் தெரியும் தெருக்களுக்குத்தான் கொள்ளிடக் கரையில் தடுப்புச்சுவர். பச்சை என்றால், அடுத்த வெள்ளத்திலும் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டியதுதான்.

முழுப் படம் வேண்டாம், ஸ்ரீரங்கம் தீவை மட்டும் வெட்டி எடுக்கலாம் என்று பார்த்தாள். வெட்டினால் வெறும் கறுப்பு வந்தது. "நல்லுசாமி எல்லைய தப்பா அளந்திருப்பான். வயக்காட்டு ஆளுதானே" என்றார் ஜேக்கப். பிரேமலதாவும் அப்படித்தான் நினைத்தாள். சர்வே கருவியைத் தூக்கிக்கொண்டு மூன்று நாள் சேற்றில் நடந்தவரைப் போனில் கூப்பிட்டு, "எங்கங்க அளந்தீங்க, கடல்லயா?" என்று கேட்டேவிட்டாள்.

"கரையோரமாத்தான் நடந்தேன் மேடம்" என்றார் நல்லுசாமி. கோபமே இல்லை அந்தக் குரலில். "கடைசித் தெருவுல இருளாயின்னு ஒரு அம்மா தண்ணி குடுத்தாங்க. செவுத்துல போன வெள்ளத்தோட கோடு இருக்கு, என் நெஞ்சு ஒசரம். அதையும் எழுதிக் குடுத்திருக்கேனே."

போனை வைத்துவிட்டு அவர் கொடுத்த எண்களைப் பார்த்தாள். எழுபத்தெட்டு, பத்து. தீர்க்கரேகை, அட்சரேகை என்று டிகிரிக் கணக்கு. படமோ மீட்டர் கணக்கு. இவள் மாற்றாமல் அப்படியே கொடுத்திருந்தாள். எழுபத்தெட்டு மீட்டர், பத்து மீட்டர் என்று எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் தேடிய இடம் எங்கே என்று பார்த்தால், கன்னியாகுமரிக்கும் தெற்கே நடுக்கடல். ஸ்ரீரங்கத்தைத் தூக்கிக் கடலில் போட்டது இவள்தான். கல்லூரியில் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுப்பது. ஜேக்கப்பைப் பார்த்து இத்தனை நாள் சுளித்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கணக்கை மாற்றினாள். தீவை நாற்பத்தெட்டுத் துண்டாக்கி, ஒவ்வொன்றாகப் படித்து, எழுதி, மெமரியைக் காலி செய்யும்படி ஓடவிட்டாள். ஆமை வேகம்தான், ஆனால் நிற்கவில்லை.

இரண்டரைக்கு ஜேக்கப் சிரித்துக்கொண்டே வந்தார். "நான் முடிச்சிட்டேன். முப்பது மீட்டர் கட்டமா சுருக்கிட்டேன், ரெண்டே நிமிஷம்!"

பிரேமலதா பார்த்தாள். கரையின் மேடும் அதை ஒட்டிய தெருவின் பள்ளமும் ஒரே கட்டத்தில் சராசரியாகி, இருளாயி இருக்கும் கடைசித் தெரு முழுக்கப் பச்சையாக இருந்தது.

"சார், அந்தத் தெரு பள்ளம். நெஞ்சளவு தண்ணி நின்ன இடம்."

"நாப்பது வீடு. யாரு உத்துப் பார்க்கப் போறா? உங்களுக்கு வேலை வேணும்ல?"

இவரைப் போய் ஒரு பொருட்டாக எண்ணி வெறுத்தோமே என்றிருந்தது. வெறுப்பதற்கும் ஆளிடம் கொஞ்சம் சரக்கு இருக்க வேண்டும்.

மூன்று மணி. கண்ணாடி அறைக்குள் அதிகாரிகள் முந்திரி பக்கோடாவோடு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பச்சை பளபளத்தது. ஜேக்கப் குச்சியால் தொட்டுத் தொட்டு விளக்கிக்கொண்டிருந்தார்.

பிரேமலதாவின் திரையில் முப்பத்தொன்றாவது துண்டு திறந்தது. கொள்ளிடக் கரை மெல்லிய பச்சைக் கோடாகவும், அதன் கீழே கடைசித் தெரு வீடு வீடாகச் சிவந்தும் வந்தன. இன்னும் பதினேழு பாக்கி. அவள் எழுந்தாள். மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்து, வயர் இழுபட இழுபட, கண்ணாடி அறையைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். உள்ளே ஓர் அதிகாரியின் கையில் பக்கோடா பாதியில் நின்றது. கண்ணாடியில், ஜேக்கப்பின் வெள்ளைச் சட்டை மேல், முப்பத்திரண்டாவது துண்டும் சிவப்பாக விழுந்தது.