தட்டினால் பேசாத பலகை

இந்தக் கதையில் ஒரு ஜன்னல் வருகிறது. அன்றைக்கு அது திறந்திருந்ததா, சாத்தியிருந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. திறந்திருந்தது என்பான் அவன். சாத்தியிருந்தது என்பாள் அவன் மனைவி. கேட்ட நான் இரண்டையும் மாற்றி மாற்றி நம்பியிருக்கிறேன். மற்றதெல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது.

அவனுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. மயிரிழை பிசகினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி என்பதால், எதையும் நாலு முறை பார்க்கிற குணம் அவனிடம் ஒட்டிக்கொண்டது. பழைய சாமான் கடையில் நல்ல ஸ்பீக்கர்கள் இரண்டு கிடைத்தபோது, பெட்டியைத் தானே செய்வதென்று முடிவு கட்டினான். மூன்று மாதம் மரம் பார்த்தான். மனைவியின் அண்ணன் தச்சர். அவருடைய பட்டறையில் ஒவ்வொரு பலகையாக விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டான்.

"பதினெட்டு மில்லி பிளைவுட்டு போடு மாப்ள. நடுவுல ஒரு குறுக்குக் கட்டை. மூலைக்குப் பசையும் திருகும். முடிஞ்சுது சோலி" என்றார் தச்சர்.

"உங்க பிளைவுட்டு பாடுது மச்சான். பெட்டி பாடக் கூடாது. ஸ்பீக்கர்தான் பாடணும்."

"பலகைய இந்தத் தட்டு தட்டுறியே, என் தங்கச்சியக் கட்டிக்கும்போது இப்படித் தட்டிப் பாத்தியா?"

"தட்டியிருந்தா உங்க தங்கச்சி திருப்பித் தட்டியிருப்பா."

கடைசியில், இடித்த கட்டடங்களின் சாமான் விற்கும் கிடங்கில், கதவுகளுக்குப் பின்னால் சாத்தியிருந்த சாம்பல் நிறப் பலகைகளைக் கண்டான். தட்டினான். 'தொப்' என்றது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இன்னொரு முறை தட்டினான். கிணற்றில் விழுந்த கல்லைப் போல ஒலி உள்ளேயே போய்விட்டது.

"பழைய பாய்லர் ரூம்ல அடிச்சிருந்தது. நெருப்பு பிடிக்காது, கரையான் தொடாது" என்றார் கிடங்குக்காரர்.

அது மரமா என்று அவன் கேட்கவே இல்லை. வெளியே பிளைவுட், உள்ளே இந்தப் பலகை. இரண்டையும் சேர்த்து ஒட்டினால் பெட்டி வாயே திறக்காது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பின்னறையில் அறுத்தான். மெல்லிய தூள் தரையில் படிந்தது. ஏழு வயது மகள் அதைப் பிளாஸ்டிக் தம்ளரில் அள்ளி மாவு மில் நடத்தினாள். கைகளைத் தட்டினாள், ஊதினாள், தலையில் கொட்டிக்கொண்டு, "அப்பா, நான் கிழவி!" என்று கூனி நடந்தாள். அவன் ரம்பத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தான். சாயங்காலம் மனைவி திட்டிக்கொண்டே பெருக்கி அள்ளினாள்.

அடுத்த ஞாயிறு, ஸ்பீக்கருக்கு வட்டம் வெட்டித் தரத் தச்சர் வந்தார். மூலையில் கிடந்த துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உடைந்த விளிம்பில் பஞ்சு இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதை அவர் கீழே போடவில்லை. தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல மெல்ல வைத்தார்.

"வெளிய வா."

"என்ன மச்சான்?"

"பேசாம வெளிய வா."

வாசலுக்கு வந்தபின் சொன்னார். "அது ஆஸ்பெஸ்டாஸ்."

"கூரைக்கே அதத்தான போடுறாங்க?"

"கூரை சும்மா கெடக்கும். நீ அறுத்திருக்க. நெஞ்சுக்குள்ள போன இழை திரும்ப வராது. என்கூட வேலை செஞ்ச ஒருத்தன் அப்படித்தான் போனான்."

"எத்தனை நாள்ல?"

"நாளா? முப்பது வருஷம் கழிச்சு மாப்ள."

ஏழும் முப்பதும் முப்பத்தேழு. கணக்கு அவனைக் கேட்காமலே வந்து நின்றது.

"அறுக்கும்போது யாரெல்லாம் உள்ள இருந்தீங்க?"

அவன் திரும்பி வீட்டுக்குள் பார்த்தான். தச்சருக்குப் புரிந்துவிட்டது. "தங்கச்சிகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

"ஒரு துண்ட லேபுக்குக் குடுத்துப் பாக்கலாம். பத்து நாள் பொறுங்க."

பின்னறையைப் பூட்டினான். கடையில் லென்ஸ் தேய்க்கும்போது சக்கரத்தின்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், தூள் எழும்பாமலிருக்க. பதினான்கு வருடமாக அந்தத் தண்ணீரைப் பார்த்தவன் வீட்டில் ஒரு குவளை தெளிக்கவில்லை. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் சக்கரத்தில் லென்ஸ் பிசகியது. ஒரே வாரத்தில் மூன்று லென்ஸ் பாழ். வீட்டில் மகள் பாடம் எழுதும்போது ஒருமுறை இருமினாள். அவன் தட்டிலிருந்து எடுத்த சோறு வாய்வரை வந்து நின்றது. அடுத்த இருமலுக்காகக் காத்திருந்தான். வரவில்லை. வராததும் பயமாக இருந்தது.

ஆறாம் நாள் மனைவி ஈரத்துணியை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். "ஒம்பது வருஷமா தொடப்பத்தத் தொடாத மனுஷன், தினமும் சுவரத் தொடைக்கிறீங்க. யாரக் கொன்னீங்க?"

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நான்தான பெருக்குனேன்" என்றாள். "அவ முறம் பிடிச்சிக்கிட்டுப் பக்கத்துலயே நின்னா."

"ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சு."

"இல்ல. காத்துல தூள் வீட்டுக்குள்ள அடிக்குதுன்னு நீங்கதான் சாத்துனீங்க."

"தொறந்திருந்துச்சு."

"ஆறு நாளா தெரிஞ்சும் என்கிட்ட சொல்லல."



லேப் முடிவு தச்சர் சொன்னதையே சொன்னது. இருவரும் மருத்துவரிடம் போனார்கள். ஒருநாள் தூள்தான், ஆபத்து குறைவு என்றார் அவர்.

"குறைவுன்னா எவ்வளவு டாக்டர்?"

"நம்பர் சொல்ல முடியாது. இப்ப எந்த டெஸ்ட்லயும் தெரியாது. குழந்தை முன்னாடி இதப் பேசாதீங்க."

திரும்பும் வழியில் பேருந்தில் ஒரே இருக்கையில்தான் உட்கார்ந்தார்கள். நடுவில் அவள் தன் பையை வைத்துக்கொண்டாள்.

அதெல்லாம் நடந்து இருபத்தாறு வருடமாகிறது. அறுத்த பலகைகளையும் மிச்சத் துண்டுகளையும் நனைத்து, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி, அதற்கென்று இருக்கும் ஆட்களிடம் ஒப்படைத்தார்கள். ஸ்பீக்கர்களை அவன் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டான். கிடங்குக்காரர் பதினோராவது வருடம் நெஞ்சு நோயால் இறந்தார். என்ன நோய் என்று யாரும் விசாரிக்கவில்லை. தச்சர் பட்டறையை மூடிவிட்டு மகன் வீட்டில் இருக்கிறார். மனைவிக்கு முழங்கால் வலி மட்டும். மகளுக்கு இருபது வயதானபோது அவளிடம் சொன்னார்கள். மூன்று மாதம் அவள் அவனோடு பேசவில்லை. இப்போது அவளுக்கு முப்பத்துமூன்று வயது, வேறு ஊரில் பள்ளி ஆசிரியை, ஒரு பெண் குழந்தை. அவனும் மனைவியும் மகளும் ஆண்டுக்கொருமுறை எக்ஸ்ரே எடுக்கிறார்கள். இதுவரை ஒன்றுமில்லை.