நடு ஒயர்

அசீனாவுக்கு வந்த ஆத்திரத்தில் ரஃபீக்கின் கையிலிருந்த மீட்டரைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருப்பாள். புருஷனின் தம்பியாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இராஜபாளையத்தில் அவள் எம்பிராய்டரிக் கடை போட்டு இன்னும் வருஷம் திரும்பவில்லை. தூத்துக்குடி ஏலத்தில் எடுத்த பழைய அமெரிக்க மெஷின் இரண்டு, அவற்றுக்கென்றே ஒரு ஜெனரேட்டர். நம் வீட்டுக் கரண்டில் பாதி வோல்டேஜ்தான் அந்த மெஷின்களுக்கு ஆகும். அதனால் ஜெனரேட்டரிலிருந்து மூன்று ஒயர் வந்தது. ஓரத்து ஒயர் மெஷினுக்கு ஒன்று, நடு ஒயர் இரண்டுக்கும் பொது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வஞ்சுளவல்லி, கல்யாண ரவிக்கைகளை வெள்ளிக்கிழமைக்குள் கேட்டிருந்தாள். சொன்னபடி கொடுத்துவிட்டால் அந்தக் கடை வேலை முழுக்க அசீனாவுக்குத்தான்.

புதன்கிழமை வந்து சேர்ந்தான் மகராசன் ரஃபீக். இரண்டு மெஷினும் ஒரே டிசைனை மும்முரமாகத் தைத்துக்கொண்டிருந்தபோது நடு ஒயரில் கரண்ட் அளக்கும் மீட்டரைக் கவ்வவிட்டான். சைபர் காட்டியது. கரண்டே ஓடாத ஒயர் எதற்குத் தண்டத்துக்கு என்று ஜெனரேட்டரை நிறுத்தி, அந்த ஒயரைக் கழற்றி வாசல் பல்புக்கு இழுத்துவிட்டான். ஜெனரேட்டரை மாட்டிக்கொடுத்த ஆள் எதையும் தொடக்கூடாது என்றாரே என்று அசீனா சொன்னாள். மதினிக்கு நூலைப் பற்றித்தான் தெரியும் என்று சிரித்தான். மறுபடி ஓட்டிப் பார்த்தால் இரண்டும் நன்றாகத்தான் ஓடின. அதில்தான் அவளும் ஏமாந்தாள்.

மதியம் ஒரு மெஷினில் நூல் அறுந்தது. சுவிட்ச் போட்டபடியே அது நின்றுவிட, மற்றது ஓடியது. அசீனா ஊசியில் நூல் கோப்பதற்குள், நின்ற மெஷினிலிருந்து புகை கிளம்பியது. போர்டு கருகிப்போனது.

ஓடாத மெஷின் எப்படி எரியும், மதினி எதையோ தப்பாக அமுக்கியிருப்பாள் என்றான் ரஃபீக். அவள் புருஷன் ஜமாலும் அவளையே முறைத்தான். அசீனா ஜெனரேட்டரை நிறுத்தினாள். நடு ஒயரைத் திரும்ப மாட்ட வைத்து, பிழைத்த மெஷினை மட்டும் ஓட்டினாள்.

"இப்பப் பிடிச்சுப் பாரு."

ஓரத்து ஒயரில் எவ்வளவு ஓடியதோ, அவ்வளவும் நடு ஒயரில் காட்டியது. அவளுக்கு விளங்கிவிட்டது.

"ரெண்டும் ஒரே அளவு இழுத்தா இதுல போறது அதுவழியாத் திரும்பிருது. நடுவுல மிஞ்சாது. ஒண்ணு நின்னா வித்தியாசம் இந்த ஒயர்லதான் வரணும். நீ ஒயரையே உருவிட்டே. பொறவு ரெண்டு மெஷினு வோல்டேஜ் அம்புட்டும் சும்மா நிக்கிறது தலையிலதான் ஏறும்."

ரஃபீக் மீட்டரைக் கழற்றிக்கொண்டான். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினான்.

"அப்பச் சரிதான். மதினி ஒண்ணை நிக்கவிடாம ரெண்டையும் ஓட்டியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

ஜமால் தலையாட்டினான்.

அசீனா வஞ்சுளவல்லிக்குப் போன் போட்டு, பாதி ரவிக்கைதான் தர முடியும் என்றாள். மிச்சத் துணியைத் திருப்பி அனுப்பிவிடச் சொல்லி அந்தம்மா போனை வைத்துவிட்டாள். அசீனா துணிகளை மடித்துப் பையில் போட்டு ஜமாலின் மடியில் வைத்தாள்.

"ரெண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போயி, நூல் அறுந்ததும் மெஷினை நான் நிக்கவிட்டதுதான் தப்புன்னு அவியகிட்டச் சொல்லிட்டு வாங்க."