கதவு தட்டும் கொத்தனார்

"அப்பா, ஓட்டைய அடைக்கிறதுக்கு முன்னாடி நீ கதவத் தட்டுவியா?"

கொத்தனாரின் மகள் சிறுமியாக இருந்தபோது கேட்ட கேள்வி இது. கட்டடம் எழும்பும்போது சுவரில் துளை விட்டுச் சாரக்கம்புகளைச் செருகுவார்கள். வேலை முடிந்ததும் மேலிருந்து சாரத்தைப் பிரித்துக்கொண்டே இறங்குவார்கள். கம்பு போன துளையைக் கொத்தனாரும் பூசிக்கொண்டே இறங்குவார். சில கம்புகள் முன்பே கழன்றிருக்கும். நகரத்துச் சிட்டுக்குருவிக்கு அந்தத் துளை போதும், குடித்தனம் வந்துவிடும். இதை அவர் விளையாட்டாகச் சொன்னபோதுதான் மகள் அப்படிக் கேட்டாள்.

கேட்டவள் கல்யாணமாகிப் போய்விட்டாள், கேட்டதையும் மறந்துவிட்டாள். அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு துளையருகிலும் பூச்சுக் கரணையின் காம்பால் இரண்டு தட்டு, காதை வைத்து ஒரு கணம், பிறகுதான் கலவை.

"வீட்டுக்காரர் இருக்காரா அண்ணே? வாடகை பாக்கியா?" என்று சாரம் பிரிப்பவன் தினமும் வம்புக்கு இழுப்பான். கடவுள் சிலருக்கு நாக்கில் முள்ளை வைத்து, கையில் ஈரத்தை வைக்கிறார்.

அன்று அவன் கேலி பேசவில்லை. "சட்டுப்புட்டுனு முடிங்கண்ணே. சாயங்காலம் பள்ளிக்கூடத்துல எம்பொண்ணு பாடுறா. 'வருவியா, வருவியா'ன்னு ஒரு வாரமா உயிர வாங்குறா."

"போயிடலாம்டா தம்பி. பிள்ளை பாட்ட விட வேற என்ன?"

அந்த அவசரத்தில் மூன்றாம் மாடியில் ஒரு துளையைத் தட்டாமலே பூசிவிட்டார்.

சாரத்தில் ஓர் அடுக்கு இறங்கிய பிறகுதான் பார்த்தார். தாய்க்குருவி ஒன்று, அலகில் புழுவோடு, அந்த ஈரப் பூச்சில் போய் மோதியது. எதிர்க் கட்டடத்துக் குழாயில் உட்கார்ந்தது. திரும்பவும் வந்து மோதியது. ஏறலாமென்றால் மேலடுக்குச் சாரம் பிரிந்து காலடியில் கிடக்கிறது.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"தட்டலைடா. இன்னைக்குப் பாத்துத் தட்டலை."

சாரக்காரன் குருவியைப் பார்த்தான். சாய்ந்துகொண்டிருந்த வெயிலைப் பார்த்தான். மறுபடி சாரம் கட்டித் தா என்று கேட்கக் கொத்தனாருக்கு வாய் வரவில்லை. அவனும் ஒரு பெண்ணைப் பெற்றவன். அவளும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பாள். எந்த முகத்தோடு கேட்பது?

அதற்குள் அவன் ஒரு கம்பைத் தோளில் தூக்கியிருந்தான். "கயித்தப் பிடிங்க. கலவை இறுகறதுக்குள்ள ஏறணும். ஒரு நாள் நான் கிண்டல் பண்ணலைன்னா தட்ட மறந்துடுவீங்களா? நல்ல ஆளுய்யா!"

வாய் ஓயவில்லை, கையும் ஓயவில்லை. முடிச்சு விழுந்த வேகத்தைக் கொத்தனார் அதுவரை பார்த்ததில்லை. ஏறி, விரலாலேயே கலவையைத் தோண்டி எடுத்தார். உள்ளே மூன்று மஞ்சள் வாய்கள், தலையில் சாந்துப் பொட்டோடு, அண்ணாந்து கத்தின.

"என்னண்ணே?"

"வீட்டுக்காரங்க எல்லாரும் இருக்காங்கடா!"

"அப்ப காலி பண்ணச் சொல்லாதீங்க. இறங்குங்க."

மழை உள்ளே அடிக்காதபடி துளைக்கு மேலே விரலளவு சாந்து விளிம்பு வைத்துவிட்டு இறங்கினார்.

சாரத்தை மறுபடி பிரித்து முடித்தபோது கயிறுகள் எல்லாம் கலவையில் புரண்டு சேறாகக் கிடந்தன. அன்றன்றைக்கே கழுவிச் சுருட்டாவிட்டால் காலையில் கட்டையாகிவிடும்; மேஸ்திரி வாயில் விழ வேண்டும். சாரக்காரன் அந்தக் குவியலைப் பார்த்து நின்றான்.

"போகட்டும், திட்டு வாங்கிக்கறேன். விடியறதுக்கு முன்னாடி வந்து தேய்ச்சுப் பாக்குறேன்" என்று சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினான்.

"ம்" என்றார் கொத்தனார்.

ஆட்கள் போனார்கள். காவலாளியும் டீ குடிக்கப் போனான். கொத்தனார் குழாயடியில் உட்கார்ந்து, சாக்குத் துண்டால் ஒவ்வொரு கயிறாகத் தேய்த்தார். இந்நேரம் அங்கே பாட்டு தொடங்கியிருக்கும். முதல் கயிற்றைத் தம் வழக்கப்படி சுருட்டினார். பிறகு யோசித்து அவிழ்த்தார். கட்டைவிரலிலிருந்து முழங்கைக்குச் சுற்றி, நுனியை உள்ளே செருகுவதுதான் சாரக்காரன் பாணி. எல்லாவற்றையும் அப்படியே சுருட்டி, அவன் மாட்டும் ஆணியில், அவன் மாட்டும் வரிசையிலேயே மாட்டினார்.

கையைத் துடைத்துக்கொண்டு, கரணையைப் பையில் போட்டுக்கொண்டு, காவலாளி திரும்புமுன் தெருவில் இறங்கிவிட்டார்.