பிழை பொறுக்கும் மட்டைகள்

கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை ஏறுவதற்குச் சற்று முன்னால், பழைய மாந்தோப்பு ஒன்றைச் சமன்செய்து கோல்ஃப் பயிற்சி மைதானம் போட்டிருந்தார்கள். அங்கே மட்டை விற்கும் அறை பிரவீனாவுடையது. வருகிறவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதைத் தாண்டியபின் பழக வந்தவர்கள். மில் முதலாளி, பல் டாக்டர், கோழிப்பண்ணைக்காரர் என்று விதவிதமான ஆட்கள். அவர்கள் பந்தடிப்பதை நின்று பார்த்து, இன்னாருக்கு இன்ன மட்டை என்று பொறுக்கித் தருவது அவள் வேலை.

மயில்சாமி வந்தது பங்குனி மாதத்து மதியம். வெயிலுக்குப் பயந்து மைதானத்தில் ஒருவரும் இல்லை. வெண்ணந்தூர்ப் பக்கத்துக்காரர். ரிக் வண்டிகள் வைத்து வடக்கே மத்தியப் பிரதேசம் வரைக்கும் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். அறுபதை நெருங்கும் வயது. தோளில் ஒரு கறுப்புப் பையோடு, பழக்கமில்லாத பேண்ட்டை இழுத்து விட்டுக்கொண்டே உள்ளே வந்தார். பின்னால் அவர் மனைவி பாவாயி வந்து, யாரும் காட்டாமலே நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தாள்.

அவர்களுடைய ஒரே மகன் பூபதி பெங்களூரில் வேலையில் இருந்தவன். போன வருடம் ஒரு காய்ச்சலில் போய்விட்டான். அவன் அறையைக் காலி செய்தபோது வந்த பை அது. அவன் என்னத்தைத்தான் அப்படி ஆடினான் என்று தானும் பழகிப் பார்க்க ஆசை என்று மயில்சாமி சொன்னார்.

பிரவீனா ஒரு மட்டையை உருவிப் பார்த்தாள். கத்தியைப்போல மெல்லிய முகம் கொண்ட நீளமான இரும்பு. முகத்தின் நட்டநடுவில் பந்து பட்டால் மட்டுமே சொன்னபடி கேட்கும். விரற்கடை தள்ளிப் பட்டாலும் கை முழங்கை வரைக்கும் அதிரும், பந்து எங்கேயோ போகும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. மட்டையின் முகம் மறுபக்கம் பார்த்திருந்தது.

“உங்க பையன் இடது கைக்காரருங்களா?”

“ஆமாங்க” என்றார் மயில்சாமி. “எழுதறது, திங்கறது எல்லாமே.”

புதிதாகப் பழகுகிறவருக்கு இந்த மட்டைகள் ஆகவே ஆகாது, அதிலும் வலது கைக்காரருக்கு இவை வெறும் இரும்பு என்று பிரவீனா எடுத்துச் சொன்னாள். அடி கொஞ்சம் தப்பினாலும் பொறுத்துக்கொள்ளும் மட்டைகள் இருக்கின்றன, அதில் தொடங்கலாம் என்றாள். அவர் கேட்கவில்லை. அன்று முழுக்க இடது பக்கம் திரும்பி நின்று பந்து வைக்கும் விரிப்பை வெட்டினார், காற்றை வெட்டினார். ஒரு பந்து இரண்டடி உருண்டது. பாவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில வாரம் இப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள் பிரவீனா அறைக்குள் கணக்கில்லாமல் கிடந்த மட்டை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு சத்தம் கேட்டது. நல்ல அடிக்கு மட்டும் வரும் சத்தம். கனமான கதவு ஒன்று மெதுவாகப் பூட்டிக்கொள்வதுபோல இருக்கும். யாரோ பெரிய ஆட்டக்காரர் வந்திருக்கிறார் என்று நினைத்து வெளியே வந்தாள். மயில்சாமி மட்டும்தான் நின்றிருந்தார்.

அவர் அடுத்த பந்தை வைத்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. மட்டை தோளுக்கு மேலே போய் ஒரு கணம் நின்றது, பிறகு இறங்கியது. பந்து மலைப்பக்கம் தாழ்வாகப் புறப்பட்டு, பாதி வழியில் மேலேறி, கடைசிக் கொடியையும் தாண்டி விழுந்தது. அவர் மட்டையை விரல்களுக்கிடையில் ஒரு சுழற்றுச் சுழற்றித் தரையில் ஊன்றினார். பந்து எங்கே படுகிறது என்று பார்ப்பதற்காகக் காலையில் பிரவீனா மட்டை முகத்தில் வெள்ளைப் பொடி தெளித்திருந்தாள். வாங்கிப் பார்த்தாள். அத்தனை அடியும் ஒரே இடத்தில், ஒரு ரூபாய் நாணயத்தளவு வட்டத்துக்குள் பதிந்திருந்தன.

பாவாயி எழுந்து நின்றிருந்தாள். “சாமி” என்றாள் மெதுவாக. பெற்ற பிள்ளையைக் கொஞ்சிக் கூப்பிடும் குரல் அது. புருஷனை அவள் அப்படிக் கூப்பிட்டு பிரவீனா கேட்டதில்லை.

மயில்சாமி திரும்பினார். விழித்தெழுந்தவரைப்போலத் தன் கையைப் பார்த்தார். “போச்சுங்களா?” என்று பிரவீனாவிடம் கேட்டார். அவர் அந்தப் பந்தைப் பார்த்திருக்கவில்லை.

மகன் ஆடிய வீடியோவைப் பார்த்துப் பார்த்து உடம்பு பழகியிருக்கும் என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அப்படி ஒரு வீடியோவும் கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. பூபதி ஆடி அவர் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு பாவாயி தூக்குப்போசியில் சோறு கொண்டுவர ஆரம்பித்தாள். அடித்து முடித்ததும் வேப்பமரத்து நிழலில் கணவருக்குத் தட்டு வைப்பாள். ஒரு நாள் அவர் இடது கையால் பிசைந்து உண்டார். பாவாயி தண்ணீர்ச் செம்பை இடது பக்கமாக நகர்த்தி வைத்தாள். அந்த வழியாகப் போன பிரவீனா நின்றுவிட்டாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். யாரென்று தெரியாத ஒருவரைப் பார்க்கும் மரியாதையான பார்வை. 

ஆனி மாதத்தில் ஒரு காலை மயில்சாமி தனியாக வந்தார். வேட்டி கட்டியிருந்தார். பை இல்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“எனக்கு ஒரு செட்டுப் போட்டுக் குடுங்க அம்மிணி. என்ற கைக்கு. வலது கைக்கு.”

“இப்ப நல்லா அடிக்கறீங்களேங்க.”

“அடிக்கறது நானில்லீங்க.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அதைக் கைல புடிச்சா அப்பறம் நடக்கறது ஒண்ணும் எனக்குத் தெரியறதில்லை. ஊட்டுக்குப் போற வழியிலதான் நெனவு வரும். போன வாரம் நெனவு வந்து பாத்தா தொப்பூர்க் கணவாய்ல வண்டி நிக்குது. பெங்களூரு ரோட்டுல எனக்கு என்னங்க சோலி? பாவாயி பக்கத்துலதான் உக்காந்திருந்தா. ஒரு வார்த்தை சொல்லலீங்க.”

 ஆட்டத்தையே விட்டுவிடலாமே என்று பிரவீனா கேட்டாள். விட்டுப் பார்த்ததாகவும், மட்டையைத் தொடாத வாரத்தில் பாவாயி சோறே உண்ணவில்லை என்றும் அவர் சொன்னார். மைதானத்துக்கு வர வேண்டும். ஆனால் மயில்சாமியாகவே வர வேண்டும். “நல்லா அடிக்கோணும்னு இல்லீங்க. கண்டபடி அடிச்சாலும் பந்து கொஞ்சம் எந்திரிச்சுப் போனாப் போதும். நான் அடிச்சதா இருக்கோணும்.”

மறுநாள் இருவரும் வந்தார்கள். மயில்சாமி மட்டைகள் வைத்த மேடைப்பக்கம் போனதும், பாவாயி பிரவீனாவைக் குழாயடிக்குக் கூப்பிட்டாள். அவ்வளவு நாளில் அவள் பிரவீனாவிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

“அவருக்கு எதுவும் பொருந்தலைன்னு சொல்லிருங்க சாமி.”

“அவரு பயந்துக்கறாருங்கம்மா.”

“தெரியுமுங்க.” பாவாயி குழாயை மூடினாள். “பையன் வாரான். நான் வேண்டாங்கட்டுமா?”

 அந்த அம்மாளின் முகத்தில் கெஞ்சல் இல்லை. நியாயத்தைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். ஆனால் மேடைப்பக்கம் மயில்சாமி வலது கையை இடது கையால் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருப்பது பிரவீனாவுக்குத் தெரிந்தது. அவள் அவரிடம் போனாள்.

அன்று அவள் அவசரப்படவில்லை. தூரம் அடிப்பதற்கான பெரிய தலை மட்டைக்கு வுட் என்று பெயர்; அவர் கண் போட்டிருந்த மூன்றாம் நம்பர் வுட்டை முதலில் ஒதுக்கி வைத்தாள். தரையில் கிடக்கும் பந்தை அதால் எழுப்ப நன்றாக ஆடுகிறவர்களுக்கே சிரமம். அதற்குப் பதில் ஏழாம் நம்பர் வுட்டை எடுத்தாள். தண்டு குட்டை, முகம் நன்றாகச் சாய்ந்தது, பந்து தானாக ஏறும். நீளமான இரும்புகளுக்குப் பதிலாக இரண்டு ஹைப்ரிட் எடுத்தாள். வுட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் நிற்கிற மட்டை அது. அடிப்பாகம் அகலம், கனமெல்லாம் கீழேயும் பின்னாலும் இருக்கும். பந்துக்குப் பின்னால் தரையில் பட்டாலும் புதையாமல் வழுக்கிக்கொண்டு போகும். தண்டு இரும்பாக இருந்தால் அவர் வயதுக்குக் கனக்கும் என்று லேசான கார்பன் தண்டு போட்டவற்றைப் பார்த்து வைத்தாள்.

முதல் ஹைப்ரிட் அவருக்கு ஒத்துவரவில்லை. பந்தெல்லாம் இடப்பக்கம் வளைந்து வேலிக்குப் போயின. இன்னொரு கம்பெனியுடையதைக் கொடுத்தாள். அவர் வலது பக்கம் நின்று, ரிக் வண்டியில் குழாய் திருகுகிறவரைப்போல முழங்காலை மடக்கி, ஓங்கி ஒரு போடு போட்டார். மட்டை பந்துக்குப் பின்னால் தரையைத் தட்டியது. ஆனாலும் பந்து எழும்பி, நேராக இல்லாமல் கொஞ்சம் வளைந்துகொண்டு, நடுக்கொடி வரைக்கும் போய் விழுந்தது.

அவர் சிரித்தார். அவர் சிரித்து அவள் அன்றுதான் பார்த்தாள். “பாத்தனுங்க. போறதைப் பாத்தனுங்க” என்றார்.

ஒரு கூடைப் பந்து முழுக்க அடித்தார். பிரவீனா மட்டையின் முகத்தைப் பார்த்தாள். பொடியில் மேலே, கீழே, நுனியில், கழுத்துக்குப் பக்கத்தில் என்று கண்ட இடத்திலும் தடம். ஒன்றுகூட நடுவில் இல்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

பாவாயி அவ்வளவையும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து காருக்குப் போனாள்.

ஆடிக் காற்று முடிகிறவரைக்கும் மயில்சாமி ஒழுங்காக வந்தார், தனியாக. வலது கையால் டீ குடித்தார். மற்றவர்களோடு சேர்ந்து மோசமாக ஆடி, அதைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். அம்மா ஏன் வருவதில்லை என்று பிரவீனா கேட்டபோதெல்லாம், வீட்டில் வேலை இருக்கிறது என்றார். பிறகு ஒரு நாள் கேட்காமலே சொன்னார்: “அவளுக்கும் ஒண்ணு பாத்துக் குடுக்கோணுமுங்க. உங்களால ஊடு வரைக்கும் வர முடியுங்களா?”

பெண்களுக்கான ஒரு ஹைப்ரிட்டைக் காரில் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவள் வெண்ணந்தூர் போனாள். ஊருக்குள் தறிச் சத்தம் ஓய்ந்திருந்தது. வீடு ஊரைத் தாண்டி, தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்தது. வாசலில் நின்ற மயில்சாமி அவளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். போகும்போதே அவளுக்கு, கனமான கதவு பூட்டிக்கொள்வதுபோன்ற அந்தச் சத்தம் கேட்டது.

தோப்புக்கு அப்பால் அறுத்துப்போட்ட சோளக்காடு வெறுமையாகக் கிடந்தது. பாவாயி சேலையைத் தூக்கிச் செருகி, வெறுங்காலோடு இடது பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அவள் கையில் பூபதியின் நீண்ட இரும்பு இருந்தது. தோளுக்கு மேல் போய் ஒரு கணம் நின்று இறங்கியது. பந்து காட்டைக் கடந்து, எதிர்வரப்பிலிருந்த பனைமரங்களையும் கடந்து போயிற்று. மட்டை விரல்களில் சுழன்று தரைக்கு வந்தது.

“விடியக்கால போனா பொழுது சாயத்தான் உள்ள வாரா” என்றார் மயில்சாமி.

பாவாயி திரும்பினாள். அன்று வேப்பமரத்தடியில் மயில்சாமியின் கண்களில் இருந்த அந்நியப் பார்வை இவள் கண்ணில் இல்லை. அவள் பிரவீனாவை நன்றாக அடையாளம் தெரிந்து, வாங்க சாமி என்றாள். காபி குடித்தீர்களா என்று விசாரித்தாள். அதுதான் பிரவீனாவுக்கு அதிகம் பயமாக இருந்தது.

கொண்டுவந்ததை நீட்டியபோது பாவாயி மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். வலது பக்கம் நின்று, பிரவீனா காட்டியபடி பிடித்து, ஒரு பந்தை அடித்தாள். மட்டை தரையில் தட்டியும் பந்து பதமாக எழும்பி, கொஞ்ச தூரம் போய் விழுந்தது. முதல் தடவை பிடிக்கிற ஒருவருக்கு அது நல்ல அடி. இன்னும் ஒன்று அடித்தாள். பிறகு முந்தானையால் மட்டையின் முகத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“நல்லாத்தானுங்க இருக்குது. எப்படி அடிச்சாலும் ஏத்துக்குது. ஆனா இதுல யாருமில்லீங்க.”

“உங்களுக்குப் பயமா இல்லீங்களாம்மா?”

“அவரு போராடினாருங்க, அதனால பயந்தாரு. நான் எதுக்குப் போராடறேன்? வாடா சாமின்னு நவுந்து எடம் குடுத்துட்டேன்.”

மயில்சாமி தலையைக் குனிந்துகொண்டார். இந்தப் பேச்சை அவர் முன்பே கேட்டவர்போலிருந்தது. பிரவீனா அவரிடம் ஏதாவது சொல்ல நினைத்தாள். டாக்டர் ஒருவரைப் பார்க்கலாம், கொஞ்ச நாள் வெளியூர் கூட்டிப் போகலாம் என்பதுபோல எதையாவது.  தன் தொழிலில் இதற்கு ஒரு மட்டையும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. ஹைப்ரிட்டை உறைக்குள் போட்டுக்கொண்டு, கிளம்புவதாகச் சொன்னாள்.

பந்துகள் தீர்ந்துபோயிருந்தன. மயில்சாமி கிணற்றுமேட்டில் கிடந்த பிளாஸ்டிக் வாளியை எடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சோளத்தட்டுக் கட்டைகள் காலில் குத்தாமல் பார்த்துப் பார்த்து, பனைமரங்களை நோக்கி நடந்தார். போகிற வழியில் தென்பட்ட பந்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டார்.

கார் கதவைத் திறந்துவிட்டு பிரவீனா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பந்துகள் வருவதற்காகப் பாவாயி காத்திருந்தாள். மட்டையின் தலையில் இடது கையை ஊன்றி, ஒரு காலைக் குறுக்கே மடித்து வைத்து, வாலிபப் பையன்கள் பஸ் ஸ்டாண்டில் நிற்பதுபோல ஒயிலாக நின்றிருந்தாள். தூரத்தில் குனிந்தவர் நிமிர்ந்து கையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள்.