மாங்காட்டில் பார்த்த வீடு

தங்கும் இடம் ஒரு மாணவரின் படிப்பை எப்படி மாற்றுகிறது என்பதுதான் மோகனப்பிரியாவின் ஆய்வு. அதற்குத் தோதான இடம் ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பு. வேலைக்கென்று வெளியூரிலிருந்து வந்தவர்களின் வீடுகள். அப்பா ஓய்வு பெற்றுவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய வேண்டும். அதனால் இங்கே பிள்ளைகள் கல்லூரி தேடும்போது, மதிப்பெண்ணோடு அப்பாவின் ஓய்வு மாதத்தையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

விரைவில் ஓய்வு பெறப்போகும் கங்காதரன் வீட்டில் அவரும் மகள் ரேணுகாவும்தான். மனைவி தவறிப் பல வருடமாகிறது. அவர் திருநெல்வேலிப் பக்கத்து அம்பாசமுத்திரத்துக்காரர், மகள் ஆவடியிலேயே வளர்ந்தவள். ரேணுகாவுக்குச் சென்னையில் புள்ளியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. திருநெல்வேலியில் கிடைத்தது வேறு பாடம். திங்கட்கிழமைக்குள் ஒன்றில் சேர்ந்தாக வேண்டும்.

மோகனப்பிரியா எப்போதும் தனித்தனியாகத்தான் பேசுவாள். அப்பா பக்கத்தில் இருந்தால் பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லும். பிள்ளை இருந்தால் அப்பாவும் அப்படித்தான். கங்காதரன் பால் வாங்கப் போனதும் செல்போனில் பதிவை ஓடவிட்டாள்.

"எனக்கு இங்கதான்க்கா படிக்கணும்," என்றாள் ரேணுகா. "ஆனா அப்பாக்கு ஊருக்குப் போற ஆசை. ஊர்ல ஊட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் உட்டுக்கீறாரு. தனியா அனுப்பிட்டு நான் இன்னா பண்றது? திருநெல்வேலியே புடிச்சிக்கீதுன்னு சொல்ட்டேன்."

பிறகு அவள் துணி எடுக்க மாடிக்குப் போனாள். பாலோடு திரும்பிய கங்காதரன் உட்கார்ந்தார்.

"புள்ள திருநெல்வேலிதான்னு ஒத்தக்கால்ல நிக்கா. நான் அவ சென்னையிலயே படிக்கட்டும்னு இங்க பக்கத்துல மாங்காட்டுல வீடே பாத்து வச்சிருக்கேன். என்ன செய்யச் சொல்லுதீய?"

மோகனப்பிரியா எழுந்தாள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வதில்லை என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்துத்தான் பேச்சையே தொடங்கியிருந்தாள். அந்த வாக்கு இல்லையென்றால் யாரும் மனதைத் திறக்கமாட்டார்கள். பையை எடுத்தாள். வாசல்வரை போனாள். பதிலைச் சொல்லத்தானே கூடாது, கேள்வி கேட்கலாமே என்று தோன்றியது. திரும்பி வந்தாள்.

"கடைசியா ஒரு கேள்வி. இதுக்கு மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து உட்காரணும்." ரேணுகா துணிக்குவியலோடு வந்து உட்கார்ந்தாள். "உங்க ஆசையை நான் கேட்கலை. மத்தவருக்கு என்ன ஆசைன்னு நினைக்கிறீங்க?"

"இவளுக்கு ஊருக்கு வரணும்," என்றார் கங்காதரன் உடனே.

"எனக்கா? உனக்குத்தான்ப்பா! இல்லாட்டி எதுக்கு ஊட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற?"

"அது வாடகைக்கு விடத்தாம்ட்டி. சும்மா பூட்டிப் போட்டா யாருக்கு லாபம்? நாம இங்கனதான இருக்கப் போறோம்."

ரேணுகா கையிலிருந்த சட்டையை மடிப்பதை விட்டாள். "அப்போ வாராவாரம் மாங்காடு போனியே, அம்மன் கோயிலுக்கு?"

"அம்மனையும் கும்பிட்டேன். வீடும் பாத்தேன்."

"மூச்சுகூட உடல! இன்னா அழுத்தம்ப்பா உனக்கு!"

"நீ மட்டும் சொன்னியோ?"

மோகனப்பிரியா செல்போனில் பதிவை நிறுத்தினாள். இனி வருவது ஆய்வுக்கானது இல்லை.

ரேணுகா சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "மாங்காட்லேர்ந்து காலேஜுக்கு எப்டிப்பா போறது?"

"பூந்தமல்லியில பஸ் மாறணும்," என்றார் கங்காதரன். "போன வாரம் நான் ஒருதடவ போய்ப் பாத்துட்டு வந்தேன். உக்கார எடம் கெடைக்குது."